பிரிண்ட் போட்ட 316 எல் ஏன் இரட்டிப்புப் பலம் காட்டுகிறது, ஃபர்னஸில் வைத்ததும் ஏன் இறங்குகிறது

கப்பலூரில் லேத் பட்டறை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். சாயப்பட்டறை பம்புக்கு ஒரு இம்பெல்லரை, அதாவது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரத்தை, 316 எல் எவர்சில்வர் பவுடரில், லேசர் மெஷினில் 3டி பிரிண்ட் போட்டு வாங்கியிருக்கிறார். கூடவே பிரிண்ட் ஆன டெஸ்ட் பாரை இழுத்துப் பார்த்ததில் ஈல்டு, அதாவது துண்டு திரும்ப முடியாதபடி நீள ஆரம்பிக்கும் பலம், 520 மெகாபாஸ்கல் என்று ரிப்போர்ட். அவர் வழக்கமாக வாங்கும் 316 எல் தகட்டுக்கு வரும் சர்டிஃபிகேட்டில் 260-ஐத் தாண்டினதே இல்லை. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று இன்னொரு பாரை 1080 டிகிரியில் ஃபர்னஸில் வைத்து எடுத்து இழுத்தால் 360 வந்திருக்கிறது. மூன்றுக்கும் கெமிக்கல் ரிப்போர்ட் ஒரே மாதிரி. "அண்ணே, இதில் எந்த ரிப்போர்ட் பொய்?" என்பதுதான் கேள்வி. கடைசியில், 316 எல்-ஐ விட்டுவிட்டு 17-4 பிஎச் என்ற இன்னொரு வகை எவர்சில்வர் போடலாமா என்றும் ஒரு வரி.

மூன்றும் உண்மை, தம்பி. 316 எல் என்றால் ஒரு பலம்தான் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில்தான் கோளாறு. அந்தப் பெயர் உள்ளே இருக்கும் சரக்கின் அளவை மட்டும்தான் சொல்கிறது: குரோமியம் 16 முதல் 18 சதவீதம், நிக்கல் 10 முதல் 14, மாலிப்டினம் 2 முதல் 3, கார்பன் 0.03-க்கு மேல் கூடாது, மிச்சம் பெரும்பாலும் இரும்பு. அந்தச் சரக்கு எவ்வளவு வேகத்தில் உறைந்தது, உறைந்த பிறகு எவ்வளவு சூடு கண்டது, எந்தப் பக்கமாக இழுத்துப் பார்த்தார்கள் என்பதெல்லாம் பெயரில் வராது. உங்கள் மூன்று ரிப்போர்ட்டும் வித்தியாசப்படுவது அங்கேதான்.

சர்க்கரைப் பாகை நினைத்துப் பாருங்கள். நூல் கட்டித் தொங்கவிட்டு நாள்கணக்கில் அசையாமல் ஆறவிட்டால் பளிங்கு மாதிரி பெரிய பெரிய கற்கண்டாகக் கட்டும். அதே பாகைச் சூட்டோடு கிளறிக்கொண்டே ஆறவைத்தால் பொடிப்பொடியாகப் பூத்துவிடும். இரும்பும் அப்படித்தான், உறையும் வேகம் மட்டும் கற்பனைக்கு எட்டாத அளவு வித்தியாசப்படும்.

மணல் வார்ப்பில் ஊற்றின எவர்சில்வர் உறையும்போது ஒரு வினாடிக்குச் சில டிகிரிதான் சூடு இறங்கும். லேசர் பவுடர் மெஷினில் நடப்பது வேறு கதை. 15 முதல் 45 மைக்ரான் வரைக்குமான பவுடரை 30, 40 மைக்ரான் கனத்தில் பரப்பி, அதன்மேல் 100 மைக்ரானுக்கும் குறைவான லேசர் புள்ளியை வினாடிக்கு முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் வேகத்தில் ஓட்டுகிறார்கள். உருகி நிற்கும் குட்டை தலைமயிர் ஒன்றிரண்டின் அகலம்தான் இருக்கும். அதைச் சுற்றி ஏற்கெனவே உறைந்த இரும்பு, அது சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் வினாடிக்கு லட்சம் டிகிரியிலிருந்து கோடி டிகிரி வரைக்கும் வேகத்தில் ஆறுகிறது. கண் இமைக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட ஆகாது, குட்டை கல்லாகிவிடும்.

இப்படி உறையும்போது உள்ளே நுண்ணிய அறைகள் கட்டுகின்றன. தேன்கூட்டைக் குறுக்கே வெட்டினால் தெரியும் அறை மாதிரி, செல் என்று சொல்வார்கள். இந்த வகை எவர்சில்வருக்கு, செல்லின் அகலத்தை மைக்ரானில் கணக்குப் போட எளிதான ஒரு சூத்திரம் இருக்கிறது: 80-ஐ, ஆறும் வேகத்தின் கிட்டத்தட்ட கனமூலத்தால் வகுத்தால் போதும். வினாடிக்கு 10 லட்சம் டிகிரி என்றால் கனமூலம் 100, செல் 0.8 மைக்ரான். வினாடிக்கு ஆயிரம் டிகிரி என்றால் கனமூலம் 10, செல் 8 மைக்ரான். மணல் வார்ப்பு வேகத்துக்கு 40, 50 மைக்ரான் வந்துவிடும். ஒரே சரக்கு, அறையின் அகலம் மட்டும் ஐம்பது மடங்கு மாறுகிறது.

மதுரையில் உலோகச் சோதனை வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். முதல் தடவை பிரிண்ட் போட்ட துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தது இன்றைக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. துண்டை வெட்டி, பேக்கலைட்டில் பொதித்து, 220 எமரியில் ஆரம்பித்து 1200 வரைக்கும் தேய்த்து, கடைசியில் ஒரு மைக்ரான் வைரப் பேஸ்ட்டில் கண்ணாடி மாதிரி ஆக்கி, பத்து சதவீத ஆக்சாலிக் அமிலத்தில் 6 வோல்ட் கொடுத்து எட்ச் செய்தேன், அதாவது உள் அமைப்பு தெரியும்படி மேல்பரப்பை லேசாக அரித்தேன். நூறு மடங்கு பெருக்கத்தில் முதலில் தெரிந்தது மீன் செதில். கெண்டை மீனை ஆய்வதற்கு முன்னால் விலாவில் அடுக்கடுக்காகத் தெரியுமே, அதே அச்சு. ஒவ்வொரு செதிலும் லேசர் ஒரு தடவை ஓடி உருக்கின குட்டையின் விளிம்பு. பெருக்கத்தை ஐநூறுக்கு ஏற்றினால் செதில்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நீள நீளமான கிரெயின்கள், அதாவது அணுக்கள் ஒரே திசையில் வரிசை கட்டின படிகத் துண்டுகள், மூன்று நான்கு அடுக்குகளைத் தாண்டிக் கீழிருந்து மேலே வளர்ந்து நிற்கும். கீழ் அடுக்கில் எந்தத் திசையில் அணுக்கள் வரிசை கட்டியிருந்தனவோ, மேலே உருகி உறையும் அடுக்கும் அதையே பிடித்துக்கொண்டு ஏறுகிறது, அதனால்தான் அந்த நீளம். அந்த கிரெயினுக்குள்ளே இன்னும் உற்றுப் பார்த்தால் மெல்லிசாக வலை விரித்த மாதிரி ஒரு சாயல், அதுதான் செல். சாதாரண மைக்ராஸ்கோப்பில் சாயல்தான் தெரியும், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அறை அறையாகப் பிரிந்து நிற்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும், பல பேர் தடுமாறும் இடம் இது. கிரெயின் சின்னதானால் பலம் கூடும் என்று டிப்ளமோவிலேயே படித்திருப்பீர்கள். ஹால் 1951-லும் பெட்ச் 1953-லும் சொன்ன விதி அது, தப்பில்லை. ஆனால் பிரிண்ட் போட்ட 316 எல்-லில் கிரெயின் ஒன்றும் பொடியாக இல்லை. தகட்டில் 20 முதல் 50 மைக்ரான் என்றால், பிரிண்ட் போட்டதில் அகலம் சில பத்து மைக்ரான், நீளம் நூறைத் தாண்டும். கிரெயின் அளவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே ஈல்டுதான் காட்ட வேண்டும். கூடுதலாக வந்த இருநூற்றைம்பது மெகாபாஸ்கலும் கிரெயினுக்கு உள்ளே, அந்தச் செல்களின் சுவரில் இருக்கிறது.

சுவரில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால், பட்டறையில் கிடக்கும் எவர்சில்வர் கம்பித் துண்டு ஒன்றைக் கையில் எடுங்கள். ஒரு இடத்தில் நன்றாக வளைத்துவிட்டு, அதே இடத்தில் நிமிர்த்தப் பாருங்கள். வளைத்த இடம் முரண்டு பிடிக்கும், அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வளைவு விழும். அந்த இடம் கெட்டியாகிவிட்டது. இரும்பு வளைவது அணு வரிசைகள் மொத்தமாக வழுக்கி அல்ல, வரிசை தப்பின கோடுகள் ஒவ்வொன்றாக நகர்ந்துதான். கல்யாணப் பந்தியில் நீளப் பாயை மொத்தமாக இழுத்தால் வராது, ஒரு முனையில் மேடு தட்டி அந்த மேட்டை மறுமுனைக்குத் தள்ளினால் பாய் சுலபமாக நகர்ந்துவிடும் அல்லவா, அந்த மேடு மாதிரி. டிஸ்லொகேஷன் என்று பெயர், 1934-ல் டெய்லர், ஒரோவன், போலானி மூன்று பேரும் தனித்தனியாக எழுதிய விஷயம். கம்பியை வளைத்தபோது இந்தக் கோடுகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. சிக்கினால் நகராது, நகராவிட்டால் வளையாது.

பிரிண்ட் போட்ட துண்டை யாரும் வளைக்கவில்லை. ஆனாலும் அதற்குள் இந்தச் சிக்கல் ஏராளமாக இருக்கிறது. ஒவ்வொரு தடவை லேசர் ஓடும்போதும் உருகின இடம் விரியப் பார்க்கிறது, ஆறும்போது சுருங்கப் பார்க்கிறது, சுற்றி இருக்கும் குளிர்ந்த இரும்பு இரண்டுக்கும் விடாது. ஆயிரக்கணக்கான அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் இந்த இழுபறி. அதில் பிறந்த கோடுகள் எல்லாம் செல் சுவரில் போய்ச் சுருண்டுகொள்கின்றன. அளவைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நன்றாக அன்னீல் ஆன, அதாவது சூடேற்றி இறுக்கம் தளர்த்தின எவர்சில்வரில் ஒரு கன மில்லிமீட்டருக்குள் இருக்கும் கோடுகளை நீட்டி வைத்தால் பத்து மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தேறும். பிரிண்ட் போட்டதில் அதே கன மில்லிமீட்டரில், அதாவது ஒரு கடுகில் பாதி கூட இல்லாத இடத்தில், நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. சில துண்டுகளில் மதுரையிலிருந்து சென்னை வரைக்கும் போகும். நூறு கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டாலே ஈல்டில் சுமார் 180 மெகாபாஸ்கல் ஏறுகிறது. தகட்டை விட உங்களுக்குக் கூடுதலாக வந்த பலத்தில் பெரும்பங்கு இங்கிருந்து வந்ததுதான்.

இதோடு இன்னும் இரண்டு சரக்கு சேர்கிறது. உறையும்போது மாலிப்டினமும் குரோமியமும் கொஞ்சம் ஒதுக்கப்பட்டுச் செல் சுவரில் தங்குகின்றன, அது சுவரை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் பவுடரில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனோடு சிலிக்கானும் மாங்கனீசும் சேர்ந்து சில பத்து நானோமீட்டர் அளவில் ஆக்சைடு உருண்டைகளாகத் தூவிக் கிடக்கின்றன, அவையும் கோடுகளை மறிக்கும். தகட்டில் இதே ஆக்சைடு மைக்ரான் கணக்கில் பெரிதாக இருந்து அழுக்காகத் தொல்லை கொடுக்கும், இங்கே பொடியாக இருப்பதால் பலத்துக்கு உதவுகிறது. உங்கள் பம்புக்கு முக்கியமான ஒன்றும் இதில் இருக்கிறது. தகட்டில் உப்புத் தண்ணீர் பட்டால் முதலில் குழி விழுவது மாங்கனீஸ் சல்ஃபைடு துணுக்கு இருக்கும் இடத்தில்தான். பிரிண்டில் அது வளர்வதற்கே நேரம் கிடைப்பதில்லை. அதனால் ஓட்டை இல்லாமல் நன்றாக வந்த பிரிண்ட், உப்புக் கரைசலில் தகட்டை விடக் குழி விழாமல் தாங்கும்.

சரி, இவ்வளவு சிக்கல் உள்ளே இருந்தால் துண்டு நொறுங்கும் தன்மைக்குப் போக வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. தகட்டைக் குளிர் நிலையில் உருட்டி 500 மெகாபாஸ்கல் வரைக்கும் ஏற்றலாம், ஆனால் நீளும் தன்மை மளமளவென்று இறங்கிவிடும். பிரிண்டில் 500-க்கு மேல் ஈல்டும் இருக்கிறது, முறிவதற்கு முன்னால் நாற்பது சதவீதம் நீளவும் செய்கிறது. 2017 கடைசியில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் இதைப் பற்றி எழுதின பிறகுதான், 316 எல் பிரிண்டை வெறும் மாடல் செய்கிற வேலையாகப் பார்த்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு முன்பே எண்கள் இருந்தன, காரணம் செல்லிலிருந்து நானோ அளவு வரைக்கும் அடுக்கடுக்கான அமைப்பு என்று சேர்த்துச் சொன்னது அந்த வேலை.

எனக்கு இதைச் சொல்ல எப்போதும் சித்திரைத் திருவிழாதான் ஞாபகம் வரும். அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்குக் கூட்டம் வரும் தெருவை ஒரேயடியாகச் சுவர் வைத்து அடைத்தால் என்ன ஆகும்? பின்னால் இருந்து தள்ளத் தள்ள முன்னால் இருப்பவர் நசுங்குவார், ஏதோ ஒரு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். அதனால்தான் சவுக்குக் கட்டையில் தடுப்பு கட்டுகிறார்கள், வேகம் குறையும், ஆனால் ஆள் ஒருவர் ஒருவராக நுழைந்து போகலாம். கிரெயின் எல்லை அந்த முழுச் சுவர் மாதிரி. செல் சுவர் சவுக்குத் தடுப்பு மாதிரி. பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு இடையே அணு வரிசையின் திசை ஒரு டிகிரி கூட மாறுவதில்லை பெரும்பாலும், அதனால் கோடுகள் சிரமப்பட்டாவது தாண்டிப் போகின்றன. ஓர் இடத்தில் குவிந்து விரிசல் விழுவதில்லை. போதாததற்கு இழுக்க இழுக்க உள்ளே மெல்லிய ட்வின்கள், அதாவது அணு வரிசை கண்ணாடிப் பிம்பம் மாதிரி திரும்பின பட்டைகள், உண்டாகி, துண்டு கழுத்து இறுகி அறுந்துபோகாமல் நீளத்தைத் தள்ளிப்போடுகின்றன.

இப்போது உங்கள் ஃபர்னஸுக்கு வருகிறேன். தகட்டுக்கு 1040 முதல் 1120 டிகிரி வரைக்கும் அன்னீல் கொடுப்பது நாள்பட்ட வழக்கம், உருட்டினதால் வந்த இறுக்கத்தைப் போக்க. பிரிண்டுக்கும் அதையே செய்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கின பலத்தையே கரைத்து விடுகிறீர்கள். 600 டிகிரி வரைக்கும் செல் அசையாது. 800-ஐத் தாண்டும்போது சுவரில் இருந்த மாலிப்டினம் பரவ ஆரம்பிக்கும், சிக்கல் அவிழ ஆரம்பிக்கும். 1000-க்கு மேலே போனால் ஒரு மணி நேரத்தில் செல் என்று ஒன்று இருந்த சுவடே தெரியாது. உங்கள் 360 அப்படி வந்ததுதான். அப்படியும் 260 வரைக்கும் இறங்காமல் 360-இல் நின்றதற்கு, அந்த ஆக்சைடு உருண்டைகளும் மிச்சம் இருக்கும் கோடுகளும், மறுபடி புது கிரெயின் முளைக்க மறுக்கும் பிடிவாதமும்தான் காரணம். தகட்டில் 1050-லேயே புது கிரெயின் முளைத்துவிடும், பிரிண்டில் 1150, 1200 வரைக்கும் இழுக்கும். உள் ஓட்டைகளை மூட 1150 டிகிரியில், ஆர்கான் வாயுவில், ஆயிரம் மடங்கு காற்றழுத்தம் கொடுத்து அமுக்குவார்கள், ஹிப் என்று சொல்வது. அதிலும் இதே இறக்கம் உண்டு. ஓட்டை மூடும், ஆனால் ஈல்டு போகும்.

அப்படியானால் ஃபர்னஸ் பக்கமே போகக் கூடாதா என்றால், போகத்தான் வேண்டும். பிரிண்ட் ஆகி வரும் துண்டுக்குள்ளே நூற்றுக்கணக்கான மெகாபாஸ்கல் இழுவிசை சும்மாவே பூட்டிக் கிடக்கும். பிரிண்ட் எழும்பும் அடித்தட்டான பிளேட்டிலிருந்து அறுத்த மறு நிமிஷம் துண்டு வில்லாக வளைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 450 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் பலம் குறையாது, இறுக்கம் கொஞ்சம்தான் தளரும். 900-இல் ஒரு மணி நேரம் வைத்தால் இறுக்கம் பெரும்பாலும் போய்விடும், கூடவே ஈல்டிலும் ஒரு பங்கு போகும். நடுவில் 600-லிருந்து 850 வரைக்கும் நீண்ட நேரம் ஊறவிடாதீர்கள், செல் சுவரில் குரோமியமும் மாலிப்டினமும் அதிகம் இருப்பதால் சிக்மா என்ற நொறுங்கும் கட்டம் அங்கே சீக்கிரம் பிறக்கும், துருவும் அதைத் தேடி வரும். உங்கள் இம்பெல்லருக்கு என் யோசனை: பிளேட்டிலிருந்து அறுப்பதற்கு முன்னாலேயே குறைந்த சூட்டில் ஒரு தளர்வு கொடுங்கள், ஆயிரத்தைத் தாண்டும் அன்னீல் வேண்டாம்.

திசையைப் பற்றிச் சுருக்கமாக. கிரெயின்கள் மேல்நோக்கி நீண்டு நிற்பதால் நிற்க வைத்துப் பிரிண்ட் போட்ட பாரும் படுக்க வைத்துப் போட்ட பாரும் ஒரே எண் காட்டாது. படுக்கை வாட்டத்தில் இழுத்தால் ஈல்டு பெரும்பாலும் கூடுதல், நிற்கிற வாட்டத்தில் குறைவு. இதைக் குறைக்கத்தான் ஒவ்வொரு அடுக்குக்கும் லேசர் ஓடும் திசையை 67 டிகிரி திருப்புகிறார்கள். அந்த எண்ணில் திருப்பினால் 360 அடுக்கு போன பிறகுதான் பழைய திசையே திரும்ப வரும். உதவுகிறது, முழுசாகச் சமம் ஆவதில்லை. உங்கள் ரிப்போர்ட்டில் 520 என்று இருக்கிறது, பார் நின்றதா படுத்ததா என்று இல்லை. அது இல்லாத ரிப்போர்ட் அரை ரிப்போர்ட். அதோடு 10 மில்லிமீட்டர் பாரும் இம்பெல்லரின் 2 மில்லிமீட்டர் இறக்கையும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. மெல்லிய இறக்கையில் சூடு கீழே இறங்க வழி குறைவு, அடுக்கு ஏற ஏறச் சூடு தேங்கும், செல் கொஞ்சம் பெரிதாகும். பாரின் எண்ணை அப்படியே இறக்கைக்குப் போட்டு டிசைன் செய்யாதீர்கள்.

இதுவரை சொன்ன பலம் எல்லாம், உள்ளே ஓட்டை இல்லை என்ற நம்பிக்கையில் சொன்னது. இந்த இடத்தில் நான் சூடு பட்டிருக்கிறேன். சில வருஷம் முன்னால் ஒரு இடத்திலிருந்து ஆறு பார் வந்தது, எல்லாம் நிற்க வைத்துப் போட்டவை. ஐந்து பார் 480-க்கு மேல் ஈல்டு காட்டி, நன்றாக நீண்டு, கிண்ணமும் கூம்புமாக அழகாக முறிந்தன. ரிப்போர்ட்டைப் பாஸ் என்று எழுதக் கை போய்விட்டது. ஆறாவது பார் ஈல்டு அதே அளவு காட்டிவிட்டு, எட்டு சதவீதம் நீள்வதற்குள் டப்பென்று முறிந்தது. முறிந்த முகத்தை லென்ஸில் பார்த்தேன். சாம்பல் நிற நார் நாரான பரப்புக்கு நடுவில் அரிசி அளவுக்கு ஒரு தட்டையான பள்ளம், பள்ளத்துக்குள்ளே உருண்டை உருண்டையாகப் பவுடர் மணிகள் உருகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தன, கேழ்வரகைச் சிந்தின மாதிரி. லேசர் சூடு அந்த அடுக்கில் கீழே வரைக்கும் போய்ச் சேரவில்லை. ஈல்டு எண் இதைக் காட்டிக் கொடுக்கவே இல்லை, நீளம்தான் காட்டிக் கொடுத்தது. அன்றிலிருந்து பிரிண்ட் துண்டின் ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்ப்பது நீள்வு சதவீதம், அப்புறம்தான் ஈல்டு.

இந்த மாதிரித் தட்டையான ஓட்டை அடுக்குக்கு அடுக்கு நடுவில் படுத்துக் கிடக்கும், அதன் ஓரம் கத்தி முனை மாதிரி கூர். நிற்கிற வாட்டத்தில் இழுத்தால் அந்தக் கூர் பிளந்துகொண்டு போகும். மறுபக்கம், லேசர் பவரை அளவுக்கு மேல் ஏற்றினால் உருகின குட்டை ஆழமாகக் குடைந்து, அடியில் ஆவிக் குமிழி மாட்டிக்கொள்ளும், அது உருண்டையான ஓட்டை, அவ்வளவு ஆபத்து இல்லை. இரண்டுக்கும் நடுவில்தான் பதம். பவரை, வேகம், கோட்டுக்குக் கோடு இடைவெளி, அடுக்குக் கனம் மூன்றையும் பெருக்கி வருவதால் வகுத்தால் கன மில்லிமீட்டருக்கு எத்தனை ஜூல் என்று வரும். 200 வாட், வினாடிக்கு 800 மில்லிமீட்டர், இடைவெளி 0.1, கனம் 0.03 மில்லிமீட்டர் என்றால் 83. இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி வேறு மெஷினில் போடாதீர்கள், லேசர் புள்ளியின் அகலம் மாறினால் பதமும் மாறிவிடும்.

ஒரே தடவை இழுத்துப் பார்ப்பதில் சின்ன ஓட்டை தெரியாது. பம்பு இம்பெல்லர் மாதிரி நிமிஷத்துக்கு 2,880 சுற்று சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும் துண்டில்தான் தெரியும். அங்கே செல், கோடு எல்லாம் இரண்டாம் பட்சம், மேல்தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் மிகப் பெரிய ஓட்டையும் பிரிண்டின் சொரசொரப்பும்தான் ஆயுளைத் தீர்மானிக்கும். 99.9 சதவீதம் அடர்த்தி என்று எழுதிக் கொடுப்பார்கள், மிச்சம் 0.1 உருண்டையாகச் சிதறிக் கிடக்கிறதா, தட்டையாக ஓர் இடத்தில் கிடக்கிறதா என்று அந்த எண் சொல்லாது. இறக்கையின் அடிப்பகுதியை, ஹப்போடு சேரும் வளைவை, கட்டாயம் தேய்த்து வழவழப்பாக்குங்கள். ஐம்பது மெகாபாஸ்கல் ஈல்டு கூடுவதை விட உங்கள் இம்பெல்லருக்கு அதுதான் அதிக ஆயுள் கொடுக்கும்.

17-4 பற்றி. அது வேறு ஜாதி. 316 எல்-லின் அணு அடுக்கு ஆஸ்டெனைட் என்ற வகை, காந்தம் ஒட்டாது. 17-4 ஆறும்போது மார்டென்சைட் என்ற, காந்தம் ஒட்டும் கெட்டியான அடுக்காக மாற வேண்டிய சரக்கு, பிறகு 482 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் உள்ளே இருக்கும் செம்பு நுண்ணிய துணுக்குகளாகப் பிரிந்து கெட்டியாகும், கெட்டித்தன்மை 40 ராக்வெல் சி தாண்டும். இதில் ஃபர்னஸ் பலத்தைக் கொடுக்கிறது, 316 எல்-லில் எடுக்கிறது, அதனால் இரண்டையும் ஒரே பேட்சில் போட்டுவிடாதீர்கள். பிரிண்டில் ஒரு சிக்கல்: பவுடரை நைட்ரஜன் வாயுவில் செய்திருந்தால் அந்த நைட்ரஜன் சரக்கில் கரைந்து ஆஸ்டெனைட்டை மாற விடாமல் பிடித்துக்கொள்ளும். அப்புறம் 482-இல் வைத்தாலும் கெட்டியாகாது. ஆர்கானில் செய்த பவுடரில் இந்தத் தொல்லை குறைவு. கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் வேண்டாம், கீழவாசல் பாத்திரக் கடையில் எவர்சில்வர் கிரேடு பார்க்கக் காந்தம் வைப்பார்களே, அதையே வையுங்கள். 17-4 துண்டு காந்தத்தைச் சுள்ளென்று இழுக்க வேண்டும், மந்தமாக ஒட்டினால் உள்ளே ஆஸ்டெனைட் மிச்சம் இருக்கிறது, முதலில் 1040 டிகிரியில் வைத்து ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். உப்பும் குளோரினும் வரும் சாயத் தண்ணீருக்கு நான் 17-4 போட மாட்டேன், மாலிப்டினம் இல்லை அதில். 316 எல்-லிலேயே இருங்கள்.

வெல்டிங் கம்பியை உருக்கி அடுக்கும் முறையில் மலிவாகச் செய்து தருகிறோம் என்று யாராவது வந்தால், அதுவும் பிரிண்ட்தான், ஆனால் அந்த 520-ஐ அங்கே எதிர்பார்க்காதீர்கள். ஆம்ஸ்டர்டாமில் 2021-ல் திறந்த எவர்சில்வர் நடைபாலம் அப்படிச் செய்ததுதான். பெரிய துண்டுக்கு நல்ல முறை. ஆனால் வினாடிக்கு ஆயிரம் டிகிரிக்கும் கீழேதான் ஆறும். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், செல் 8 மைக்ரானுக்கு மேல் வரும், ஈல்டு 300-ஐச் சுற்றி நிற்கும்.

அடுத்த தடவை ஆர்டர் கொடுக்கும்போது இம்பெல்லரோடு அதே பிளேட்டில் நான்கு பார் சேர்த்துப் போடச் சொல்லுங்கள், இரண்டு நின்றபடி, இரண்டு படுத்தபடி. இம்பெல்லர் எந்த ஃபர்னஸுக்குப் போகிறதோ, பாரும் கூடவே போய் வரட்டும். பவுடர் எந்த வாயுவில் செய்தது, எத்தனையாவது தடவை சலித்துப் போடுகிறார்கள், அடுக்குக் கனம் என்ன என்று எழுதி வாங்குங்கள். இறக்கை மாதிரி 2 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சின்னத் தகடும் பக்கத்திலேயே நிற்க வைத்துப் போட்டால், அதை நான் எட்ச் செய்து செல் அளவையும் ஓட்டையையும் பார்த்துச் சொல்கிறேன். அனுப்பும்போது வெட்டாமல், தேய்க்காமல், மேல் பக்கம் எது என்று மார்க்கரில் ஒரு அம்புக்குறி போட்டு அனுப்புங்கள்.